மானியம் எதற்கு? தோட்டப் பாடசாலையும் நீர்க்கல்வியும்

சுற்றாடற் கல்வி என்னும் தொடர் இன்று அமைச்சரின் மேடையிலிருந்து பாடசாலைச் சுவரொட்டி வரை எங்கும் பயிலக் காண்கிறோம். நீரின் தரம் பற்றியும் இயற்கையைப் பேணும் பொறுப்புப் பற்றியும் மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு மானியம் வழங்க வேண்டும் என்ற கருத்தும் அதனோடு சேர்ந்து வலுப்பெற்று வருகின்றது. இக்கருத்தை எதிர்ப்பார் எவருமிலர். எல்லோரும் ஏற்கும் கருத்தொன்றைச் சற்று ஐயத்தோடு நோக்குவது பல்கலைக்கழகத்தாரின் கடமையாகும். ஏனெனில், எல்லோரும் ஒன்றை ஏற்கின்றார்கள் எனின், அதனால் தமக்கு எவ்வித இடைஞ்சலும் நேராது என்று ஒவ்வொருவரும் நம்புகின்றார்கள் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். தோட்ட நிருவாகமும் கம்பனியும் கல்விப் பணிமனையும் உதவி வழங்கும் நிறுவனமும் ஒரே குரலில் வரவேற்கும் மானியமொன்று எதைச் செய்யாமல் விடப்போகின்றது என்று கேட்பதே முறை.

இக்கட்டுரை மானியத்துக்கு எதிரானதன்று. மானியம் வேண்டும், தாராளமாகவே வேண்டும். ஆயின் அது மரம் நடுவதற்கும் பதாகை எழுதுவதற்கும் வழங்கப்படுவதாயின் அதனாற் பயனில்லை. பிள்ளைகள் தாம் குடிக்கும் நீரைத் தாமே அளப்பதற்கும், அளந்ததை ஊரறியச் சொல்வதற்கும், சொல்லும் ஆசிரியரைப் பாதுகாப்பதற்கும் அது வழங்கப்பட வேண்டும் என்பதே எமது வாதம். இவ்வாதத்தைப் பொதுப்படக் கூறாது, ஹாலிஎலப் பிரதேசத்தின் தோட்டங்களை முன்னிறுத்திக் கூற முயல்வோம்.

நீர்ப்பெயர் கொண்ட நிலம்

பண்டாரவளையிலிருந்து வரும் பெருந்தெருவும் வெலிமடையிலிருந்து வரும் பெருந்தெருவும் ஒன்றுகூடும் இடம் ஹாலிஎல. 1924இல் பதுளையைச் சென்றடைந்த மலையகப் புகையிரதப் பாதையில் அது இறுதிக்கு முந்திய நிலையம். பெயரின் ஈற்றிலுள்ள 'எல' என்னும் சிங்களச் சொல் நீரோடையைக் குறிக்கும். சுற்றுப்புறத்து இடப்பெயர்கள் பலவும் 'ஓயா' என்றும் 'எல்ல' என்றும் நீரையே சுட்டி நிற்கின்றன. ஆங்கிலத் துரைமாரும் பதுளைக்கு அருகில் திறந்த தோட்டமொன்றுக்கு, ஊற்றுப் பள்ளத்தாக்கு எனப் பொருள்படும் 'ஸ்பிரிங்வெளி' என்ற பெயரையே இட்டனர். இப்பகுதியின் நீரைத் திரட்டிக்கொண்டு செல்லும் பதுளு ஓயா துன்ஹிந்தையில் அருவியாக வீழ்ந்து, ஈற்றில் மகாவலியோடு கலக்கின்றது. ஆகவே ஹாலிஎலத் தோட்டமொன்றின் கானில் ஓடும் நீர் அத்தோட்டத்துக்கு மட்டும் உரிய விடயமன்று.

நீரின் பெயரால் வழங்கும் இந்நிலத்தில் அந்நீர் எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். ஊவாவின் பெருமழை ஒக்ரோபர் முதல் சனவரி வரையான காலத்துக்குரியது. யூன் முதல் செப்ரெம்பர் வரை வறட்சி நிலவும். அவ்வறண்ட மாதங்களில் மலைகளைக் கடந்து வீசும் கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் பெற்றுக்கொடுத்த மணத்தை அளிக்கின்றது. கொழுந்து மணக்கும் அதே மாதங்களில்தான் லயத்துப் பீலிகள் நூலாக இளைக்கின்றன. தேயிலைக்குப் பொற்காலமாக அமைவது குடிநீருக்குப் பஞ்சகாலமாக அமைகின்றது. கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலையின் விலையைப் பேசுவோர், அப்பருவத்தில் ஒரு குடம் நீருக்காகப் பீலிக்கரையில் எவ்வளவு நேரம் கழிகின்றது என்பதைக் கணக்கிற் கொள்வதில்லை.

நீர் கிடைத்த பின்னரும் வினா முடிவதில்லை. லயங்கள் பலவற்றுக்கு வரும் நீர், தேயிலை மலைகளின் அடியிற் கசியும் ஊற்றுகளைச் சிறு தொட்டிகளில் தேக்கிக் குழாய்வழியே இறக்கப்படுவதாகும். மேலே செடிக்கு இடப்படும் நைதரசன் உரத்தின் ஒரு பகுதி நைத்திரேற்றாக மாறுகின்றது. அது மண்ணில் ஒட்டி நில்லாது மழைநீரோடு இறங்கும் இயல்புடையது. லயங்கள் சரிவில் அடுக்கடுக்காக அமைந்திருப்பதால், மேல் வரிசையின் மலசலகூடக் குழியிலிருந்து கசிவது கீழ் வரிசையின் ஊற்றைச் சென்றடையவும் இடமுண்டு. இலங்கைத் தர நியமம் 614 குடிநீரின் ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்றும், 100 மில்லிலீற்றரில் ஈ. கோலை என்னும் மலப் பற்றீரியா ஒன்றேனும் இருத்தலாகாது என்றும் வரையறுக்கின்றது. கொழும்பு நகரத்துக் குழாய்க்கு ஒரு நியமமும் லயத்துப் பீலிக்கு வேறொரு நியமமும் வகுக்கப்படவில்லை. நகரத்துக் குழாயின் நீரை நாள்தோறும் அளப்பதற்குச் சபையொன்று உண்டு. லயத்துப் பீலியை நாள்தோறும் அளப்பார் எவர்?

தோட்டத்தில் அளவை என்பது புதிய விடயமன்று. தோட்டம் முழுவதும் அளவையால் ஆளப்படும் இடமாகும். கொழுந்து நிறுக்கப்படுகின்றது, அதில் ஈரத்துக்கும் கூடைக்குமெனக் கழிக்கப்படுகின்றது. பேர் போட்ட நாள்கள் எண்ணப்படுகின்றன. செடிக்கு இடும் உரம் ஏக்கர்க் கணக்கில் அளக்கப்படுகின்றது. தோட்டக் காரியாலயத்து மழைமானியில் விழும் மழைகூடப் பேரேட்டில் ஏறுகின்றது. இத்தனையையும் அளக்கப் பழகிய ஓர் அமைப்பு, தொழிலாளியின் பிள்ளை குடிக்கும் நீரை மட்டும் அளவையின்றி விட்டுவைத்தமை மறதியால் நேர்ந்ததன்று. இலாபத்தோடு தொடர்புடையவை யாவும் அளக்கப்பட்டன. பொறுப்போடு தொடர்புடையவை அளக்கப்படாது விடப்பட்டன.

பொறுப்பு கைமாறிய கதை

அளவை இன்மைக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக்கியது. ஆறு வயது முதல் பத்து வயது வரை எழுத்தும் எண்ணும் கற்றாற் போதும் என்பதே அதன் எல்லை. 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோது அதன் முழுப் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களின் பெரும் பகுதியினரை நாடற்றவராக்கியது. நாடற்றவர் எவரிடம் சென்று குடிநீர் கேட்பர்? 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தால் பொறுப்பேற்கப்பட்டன. 1992இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது.

இக்கைமாற்றங்களின் விளைவு யாதெனில், இன்று பாடசாலை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு உரியது; அதற்கு நீர் தரும் ஊற்றோ குத்தகைக் கம்பனியின் காணியில் உள்ளது; லயத்துக் குடியிருப்பு வேறொரு பொறுப்பில் அடங்குகின்றது. பிரதேச சபை இவ்விடைவெளியை நிரப்பியிருக்கலாம். ஆயின் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளின் கிணற்றுக்கும் பாதைக்கும் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. தோட்டத்து மக்களின் வாக்கைப் பெற்றுத் தெரிவான உறுப்பினர், அதே மக்களுக்கு ஒரு குழாயைப் போட்டுக்கொடுக்க முடியாத நிலை முப்பது ஆண்டுகள் நீடித்து, 2018இலேயே திருத்தப்பட்டது.

அயற்கிராமத்தின் நிலைமையை இதனோடு ஒப்பிடுக. உலக வங்கியின் உதவியுடன் 1993இல் தொடங்கிய சமுதாய நீர் வழங்கல் திட்டம் பதுளை மாவட்டத்தையும் உள்ளடக்கியது. கிராமத்தவர் தமக்குள் அமைப்பொன்றை நிறுவி, தமது ஊற்றைத் தாமே பராமரிக்கும் முறை அதனாற் பரவியது. கிராமத்தவனுக்குத் தன் ஊற்றின் மீது ஒரு சொல் உண்டு. லயத்தவனுக்கு அச்சொல் இல்லை. அவன் குடிக்கும் நீரைப் பற்றி அறிந்துகொள்ளும் வழியேனும் அவனுக்கு உண்டா? இங்குதான் ஆசிரியரின் இடம் தொடங்குகின்றது.

தூய்மை உபதேசம்

சுற்றாடற் கல்விக்கென இன்று வழங்கும் உதவிகள் பெரும்பாலும் எவ்வாறு செலவாகின்றன என்பதை நாம் அறிவோம். யூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினம். மார்ச் 22ஆம் திகதி உலக நீர் தினம். அன்று மரக்கன்று நடப்படும், சித்திரப் போட்டி நடைபெறும், பிரமுகர் ஒருவர் உரையாற்றுவார், திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தை மாணவி ஒருத்தி பிழையின்றி ஒப்புவிப்பாள், புகைப்படம் எடுக்கப்படும். நட்ட கன்று கச்சான் காலத்தில் நீரின்றி வாடும். அம்மாணவி வீட்டுக்குச் சென்று எந்நீரைக் குடித்தாள் என்று எவரும் கேட்டதில்லை.

இத்தகைய நிகழ்ச்சிகளை வெறும் வீண்செலவு என்று மட்டும் கூறி விட்டுவிட முடியாது. அவற்றில் ஒரு கருத்தியல் பொதிந்துள்ளது. நீர் மாசடைவதற்குக் காரணம் மக்களின் அறியாமை. எனவே மக்களுக்கு, குறிப்பாகத் தோட்டத்து மக்களுக்கு, தூய்மையைக் கற்பித்தல் வேண்டும். கற்பித்தால் நீர் தூயதாகும் என்பதே அக்கருத்தியல். நூற்றாண்டுக்கு மேலாகத் துரைமாரும் கங்காணிமாரும் கூறிவந்த பழைய வாசகத்தின் புதிய பதிப்பே இது. அன்று 'கூலிகளுக்குச் சுத்தம் தெரியாது' என்றனர். இன்று 'விழிப்புணர்வு குறைவு' என்கின்றனர். சொல் நாகரிகமடைந்துள்ளது, பழி சுமத்தப்படுபவன் மாறவில்லை.

நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்னும் உபதேசத்தையே எடுத்துக்கொள்வோம். அது நல்ல உபதேசம், கிருமியைக் கொல்லும். ஆயின் கொதிக்கவைப்பதற்கு விறகு வேண்டும். விடியலில் மலைக்குச் செல்லும் தாய்க்கு நேரமும் வேண்டும். அன்றியும், கொதிக்கவைத்தலால் நைத்திரேற்று நீங்குவதில்லை. நீர் ஆவியாகுமளவுக்கு அதன் செறிவு சற்றே கூடும். ஆகவே எந்த ஊற்றுக்கு எந்த நோய் என்று அறியாமல் எல்லா ஊற்றுக்கும் ஒரே மருந்தைக் கூறும் கல்வி, கல்வியன்று. நோயறிய வேண்டுமாயின் அளக்க வேண்டும்.

அளவையின்றி நடத்தப்படும் அரசியலையும் நாம் கண்டுள்ளோம். 2015இல் கிளைபொசேற்றுக் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கெனத் தடை தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அத்தடை கைவிடப்பட்டது. இரண்டும் மக்களின் நலத்தின் பெயராலேயே விதிக்கப்பட்டன. இரண்டும் பயிரின் பெயரால் நீக்கப்பட்டன. விதித்தபோதும் நீக்கியபோதும், தோட்டத்து ஊற்றுகளின் நீர் இவ்வாண்டு இவ்வாறிருந்தது, அடுத்த ஆண்டு இவ்வாறாயிற்று என்று காட்டும் ஒரு தொடர்பதிவை எவரும் மேசைமேல் வைத்து வாதிடவில்லை. பதிவு இல்லாத இடத்தில் உரத்த குரலே சான்றாகிவிடுகின்றது.

பதுளை மாவட்டத்தின் தாழ்நிலமான கிராந்துருக்கோட்டைப் பகுதியில் சிறுநீரக நோய் பரவியுள்ளதை யாவரும் அறிவர். அதற்கும் மலைத்தோட்டங்களுக்கும் தொடர்பு உண்டென்று கூறுவதற்கில்லை. அந்நோயின் காரணம் பற்றிய ஆராய்ச்சியும் ஒரு முடிவுக்கு வந்திலது. ஆயினும் அவ்வாராய்ச்சி எமக்கொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. நோய் தோன்றிய பின் நீரை அளக்கத் தொடங்குவோர், நோய்க்கு முந்திய நீர் எவ்வாறிருந்தது என்பதை அறியும் வாய்ப்பை இழந்துவிடுகின்றனர்.

அளக்கும் கல்வி

பாடசாலையில் நீரை அளத்தல் இயலுமா என்று கேட்கப்படலாம். இயலும். 1982இல் மஞ்சா, மௌரியா, ராவ் என்னும் இந்திய ஆராய்ச்சியாளர் மூவர் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டனர். சில இரசாயனப் பொருள்களில் தோய்த்து உலர்த்திய தாள்துண்டு ஒன்றைக் கிருமிநீக்கிய போத்தலில் இட்டு, சோதிக்க வேண்டிய நீரை ஊற்றி, ஓரிரு நாள் வைத்திருப்பர். மலத்தோடு தொடர்புடைய பற்றீரியாக்கள் இருப்பின் அவை ஐதரசன் சல்பைட்டைத் தோற்றுவிக்க, நீர் கறுக்கும். மின்சாரமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை. நிலக்கீழ் நீரில் இயற்கையாகவே சல்பைட்டு இருப்பினும் போத்தல் கறுக்கக்கூடும். மலைநாட்டுக் குளிரில் விளைவு தாமதிக்கக்கூடும். ஆகவே இது தீர்ப்பன்று, முறைப்பாடு. தீர்ப்பை ஆய்வுகூடம் வழங்கட்டும். ஆயின் முறைப்பாடு இன்றி எந்த வழக்கும் தொடங்குவதில்லை.

இதனோடு நைத்திரேற்றுக்கான நிறமாறு தாள், அமிலத்தன்மையைக் காட்டும் தாள், கலங்கற்றன்மையை அறியும் கண்ணாடிக் குழாய், வெப்பமானி, பீலியின் கீழ் ஒரு வாளி நிறைவதற்குச் செல்லும் நேரத்தைக் கணிக்கும் கடிகாரம், ஒரு பேரேடு ஆகியவை இருப்பின் தோட்டப் பாடசாலை ஒன்றின் நீராய்வு தொடங்கிவிடும். வாளி நிறையும் நேரத்தைக் கொண்டு ஊற்றின் பாய்ச்சலைக் கணிப்பது ஐந்தாம் வகுப்புக் கணிதம். அதை ஓராண்டுக்கு வரைபடமாக்குவது எட்டாம் வகுப்புக் கணிதம். ஓகஸ்டின் பாய்ச்சலையும் நவம்பரின் பாய்ச்சலையும் ஒப்பிட்டு, வறட்சியில் மாசு செறிவதையும் மழையில் மாசு கழுவிவரப்படுவதையும் வேறுபடுத்தி அறிவது விஞ்ஞானம். ஆரம்ப வகுப்புகளில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்றொரு பாடமே உண்டு. அதற்குரிய சுற்றாடல் பாடநூலின் வண்ணப்படத்தில் இல்லை. பாடசாலைக்கு மேலேயுள்ள தொட்டியில் உள்ளது.

இத்தகைய கல்வி வெறுங்கனவன்று. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 1972இல் ஹோசங்காபாத் மாவட்டத்தின் பதினாறு அரசாங்கப் பாடசாலைகளில் ஒரு விஞ்ஞானக் கற்பித்தற் திட்டம் தொடங்கியது. கிராமத்து ஆசிரியர்களே பயிற்சி பெற்று, எளிய உபகரணப் பெட்டிகளோடு, மாணவர் தாமே பரிசோதித்துக் கற்கும் முறையை நடத்தினர். பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அவ்வாசிரியர்களோடு ஒருங்கிருந்து பாடங்களை ஆக்கினர். முப்பது ஆண்டுகள் நடைபெற்ற அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. கேள்வி கேட்கப் பழக்கும் கல்வி நடைமுறையிற் கூடும் என்பதை அதன் தொடக்கமும், அத்தகைய கல்விக்கு அரசின் ஆதரவு உறுதியானதன்று என்பதை அதன் முடிவும் காட்டுகின்றன.

அமெரிக்காவில் 1984இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், ஹியூரன் ஆற்றில் விளையாடிய உயர்பாடசாலை மாணவர் சிலர் ஈரலழற்சி நோய்க்கு உள்ளாயினர். பேராசிரியர் வில்லியம் ஸ்டப் அப்பாடசாலையோடு இணைந்து மாணவர்களைக் கொண்டே ஆற்றை ஆராயத் தொடங்கினார். அம்முயற்சி பின்னர் பல நாடுகளின் ஆறுகளுக்குப் பரவியது. அந்நாட்டில் 1990இல் இயற்றப்பட்ட தேசியச் சுற்றாடற் கல்விச் சட்டம், மானிய நிதியின் காற்பங்கேனும் ஐயாயிரம் டொலருக்கு மேற்படாத சிறு மானியங்களாகப் பகிரப்பட வேண்டும் என்று விதித்தது. பெருந்தொகை பெரு நிறுவனத்துக்கே செல்லும். சிறுதொகையே ஆசிரியரைச் சென்றடையும் என்னும் அனுபவ உண்மை அவ்விதியில் அடங்கியுள்ளது. எமது நாட்டு மானியக்காரர் அமெரிக்காவிடம் பின்பற்ற வேண்டியது எதுவெனின் இதுவேயாகும்.

எழக்கூடிய தடைகள்

எமது வாதத்துக்கு எதிராக எழக்கூடிய கருத்துகள் நான்கு.

முதலாவது: ஆசிரியர் ஆய்வுகூட வல்லுநர் அல்லர், அவருடைய அளவை நம்பத்தக்கதன்று. இதே வாதம் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரத்தில் 2014இலும் 2015இலும் முன்வைக்கப்பட்டது. நீர் பாதுகாப்பானது என்று அதிகாரிகள் உறுதி கூறினர். நகரத்துக் குடிமக்கள் தம் வீட்டுக் குழாய் நீரைப் போத்தல்களில் எடுத்து வேர்ஜீனியாப் பல்கலைக்கழகமொன்றின் ஆய்வாளருக்கு அனுப்ப, அதில் ஈயம் இருந்தமை வெளிப்பட்டது. குடிமகனின் போத்தலும் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடமும் இணைந்தபோது அதிகாரியின் உறுதிமொழி பொய்த்தது. ஆண்டுக்கொரு முறை வந்து செல்லும் வல்லுநரின் ஒரு துல்லியமான அளவையிலும், ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும் ஆசிரியரின் ஐம்பது எளிய அளவைகள் சில வினாக்களுக்குச் சிறந்த விடை தரும். ஊற்று எப்போது கெடுகின்றது என்பது அத்தகைய வினா.

இரண்டாவது: நீர் வழங்குவதும் சோதிப்பதும் அரசின் கடமை, அதனை ஆசிரியரின் தலையிற் சுமத்துவது அரசைத் தப்பவிடுவதாகும். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆசிரியரின் பேரேடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கடமைக்குப் பதிலீடாகலாகாது. அவரைக் கடமைக்கு அழைக்கும் சான்றாக வேண்டும். அரசு தானாக வரும் என்று காத்திருந்ததன் பலனை மீரியபெத்தையிற் கண்டோம். கொஸ்லாந்தைக்கு அருகேயுள்ள அம்மலைச்சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. அறிவு கோப்பில் இருந்தது; மக்களிடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின் மழையால் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளிற் பேரிழப்பைக் கண்டது. ஊற்று திடீரெனக் கலங்குவதையும், புதிய இடத்தில் நீர் கசிவதையும் அவதானிக்கப் பழகிய பிள்ளைகள், குடிநீரை மட்டுமன்றி மலையையும் வாசிக்கக் கற்றவர்களாவர்.

உமா ஓயாத் திட்டமும் இதையே உணர்த்துகின்றது. 2014 இறுதியில் அதன் சுரங்கத்துள் நீர் பீறிட்டதைத் தொடர்ந்து பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன, 2017இல் மக்கள் பெருந்திரளாக வீதிக்கு இறங்கினர். திட்டம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது. ஒவ்வோர் ஊர்ப் பாடசாலையிலும் கிணற்று நீர்மட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பதிந்த பேரேடு ஒன்று இருந்திருப்பின், தன் கிணறு முன்னர் எவ்வளவு நீர் கொண்டிருந்தது என்று நிறுவுவதற்கு எந்தக் கமக்காரனும் அல்லலுற வேண்டியிராது.

மூன்றாவது: பரீட்சைக்கே நேரம் போதாது. தோட்டப் பாடசாலைகளிற் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையும் பெறுபேற்றுக் குறைவும் நெடுங்காலப் பிரச்சினைகள். ஆயின் அங்கு விஞ்ஞானம் வேர்கொள்ளாமைக்கு ஒரு காரணம், அது பிள்ளையின் வாழ்வில் எதையும் தொடாத மனனப் பாடமாக வந்தமையே. தன் வீட்டு நீரை அளந்த பிள்ளைக்கு 'செறிவு' என்னும் சொல்லை விளக்குவதற்கு நீண்ட நேரம் தேவைப்படாது.

நான்காவது தடையே உண்மையான தடை. அது வெளிப்படையாகக் கூறப்படுவதில்லை. போத்தல் கறுத்தால் என்ன செய்வது? உரமிட்ட மலைக்குக் கீழுள்ள ஊற்றில் நைத்திரேற்றுக் கூடியிருந்தால் எவரிடம் சொல்வது? பாடசாலையின் வேலியும் பாதையும் நீரும் தோட்ட நிருவாகத்தின் நல்லெண்ணத்திலேயே தங்கியிருக்கும் இடத்தில், அந்நிருவாகம் விரும்பாத எண்ணொன்றைக் கரும்பலகையில் எழுதும் துணிவு ஆசிரியருக்கு எங்கிருந்து வரும்? அவ்வாசிரியர் யார் என்பதையும் நினைத்தல் வேண்டும். தோட்டப் பாடசாலைகளுக்கென 2015ஆம் ஆண்டளவில் சேர்க்கப்பட்ட சுமார் மூவாயிரம் ஆசிரிய உதவியாளர் மாதம் 6000 ரூபாவும் பின்னர் 10,000 ரூபாவும் மட்டுமே பெற்று, நிரந்தர நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். அவர்களுட் பலர் அதே லயங்களிற் பிறந்தவர்; அவர்தம் தாய் தந்தையர் இன்றும் அதே தோட்டத்திற் பேர் போடுவோர். அத்தகையவரிடம் 'சமூகப் பொறுப்புடன் செயற்படுக' என்று ஒரு சான்றிதழை நீட்டுவது கொடுமை. அவருக்கு வேண்டியது பாராட்டன்று, பாதுகாப்பு.

எமது கோரிக்கை

மானியம் வழங்க முன்வரும் அரசும் நிறுவனங்களும் பின்வருவனவற்றை ஏற்றல் வேண்டும்.

மானியம் சிறிதாகவும் ஆண்டுதோறும் தொடர்வதாகவும் இருத்தல் வேண்டும். ஓராண்டுப் பெருந்தொகை ஒரு விழாவோடு கரைந்துவிடும்; ஐந்தாண்டுச் சிறுதொகை ஒரு பதிவை உருவாக்கும். விண்ணப்பம் தமிழிலும் சிங்களத்திலும், ஒரே தாளில் அமைதல் வேண்டும். ஆங்கிலத்தில் முப்பது பக்கத் திட்ட அறிக்கை எழுதத் தெரிந்தவருக்கே பணம் எனின், அது நீர் கற்பிக்கும் ஆசிரியருக்கான மானியமன்று, அறிக்கை எழுதுவோருக்கான மானியமாகும். பணம் ஆசிரியரின் பெயரில், அதிபரின் அறிவுடன் வழங்கப்பட வேண்டும். சோதனைப் பொருள்கள், மாதிரிகளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்லும் பஸ் கட்டணம், விடுமுறை நாளில் உழைக்கும் ஆசிரியருக்கு ஊதியம் ஆகிய மூன்றுக்கும் அதில் இடமிருத்தல் வேண்டும். ஆசிரியரின் உழைப்பை மட்டும் இலவசமாக எதிர்பார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

அளவைகள் பாடசாலையின் முன்சுவரில் மாதந்தோறும் எழுதப்பட வேண்டும். அதே நாளில் ஒரு பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், பிரதேச சபைக்கும், தோட்ட முகாமையாளருக்கும் செல்ல வேண்டும். கறுத்த போத்தலுக்கு எத்தனை நாள்களுக்குள் ஆய்வுகூடச் சோதனை நடைபெறும் என்பது முன்கூட்டியே எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும். அரசாங்கம் ஏற்கெனவே செய்த சோதனைகளின் முடிவுகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெற்று, அவற்றை வகுப்பறையில் வாசித்தலும் பாடத்தின் ஒரு பகுதியாதல் வேண்டும். நீரளவையை வெளியிட்டமைக்காக எந்த ஆசிரியரும் இடமாற்றப்படமாட்டார் என்ற உறுதியை மாகாணக் கல்வித் திணைக்களம் எழுத்தில் வழங்க வேண்டும். இவ்வுறுதி இன்றேல் ஏனைய யாவும் வெறும் காகிதமே.

கம்பனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து மானியம் பெறலாமா என்ற வினாவுக்கும் விடை கூறுதல் வேண்டும். பெறலாம், ஆயின் அது பொது நிதியமொன்றின் வழியே வருதல் வேண்டும். தன் காணியிலுள்ள ஊற்றை அளப்பவருக்குத் தானே நேரடியாகப் பணம் கொடுப்பவர், அளவையின் முடிவுக்கும் விலை கொடுத்தவராகக் கருதப்படுவார். நேர்மையான கம்பனியும் இதனை விரும்பாது.

ஈற்றாக, எம்மை நோக்கி ஒரு வார்த்தை. பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. பேராதனையிலும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் இரசாயனவியல், நுண்ணுயிரியல், புவியியற் துறைகள் உள்ளன. அவற்றுள் மலையகத்திலிருந்து வந்த மாணவரும் பயில்கின்றனர். மலையகத்தைப் பற்றி நாம் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் பல. அவற்றுள் மலையகத்துக்குத் திரும்பிச் சென்றவை சில. ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடம் பருவத்துக்கு ஒருமுறை ஹாலிஎலத் தோட்டப் பாடசாலைகளின் மாதிரிகளைக் கட்டணமின்றிச் சோதிக்க முன்வருமாயின், ஒரு தமிழ்ச் சங்கம் நீர்ச்சோதனைக் கைந்நூல் ஒன்றை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் ஆக்கித் தருமாயின், ஆசிரியரின் எண் தனித்து நில்லாது. அதை மறுக்க நினைப்பவர் ஒரு லயத்துப் பிள்ளையை அன்றி ஒரு பல்கலைக்கழகத்தை மறுக்க வேண்டிவரும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இயற்கையை நேசிக்கக் கற்பிக்க வேண்டியதில்லை. மழையிலும் பனியிலும் வளர்ந்த அப்பிள்ளை அதனை அறியும். அப்பிள்ளைக்கு மறுக்கப்பட்டது எண். எண்ணைக் கையிற்கொண்டு 'இது ஏன்?' என்று கேட்கும் உரிமை. அவ்வுரிமையை வழங்காத மானியம், எவ்வளவு பெரிதாயினும், பிச்சையாகும். அதனை வழங்கும் மானியம், எவ்வளவு சிறிதாயினும், கல்வியாகும்.